நூற்றுக்கு அதிபதியின் கீழ் நூறு பேரா?

கேள்வி: எங்கள் சர்ச் நாடகத்தின் சிலுவைக் காட்சியில் நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரி முக்கியப் பாத்திரம். அவருக்குக் கீழே சரியாக நூறு பேர்தானா? மேலே யார்? கையில் என்ன கொடுக்கலாம்?

பதில்: பெயர்தான் நூறு, கணக்கு 80. ரோமப் படையில் எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம், அவர்கள் மூட்டை சுமக்க ஒரு கோவேறு கழுதை. பொங்குவதும் தின்பதும் ஒன்றாகத்தான். இப்படிப் பத்துக் கூடாரம் சேர்ந்தால் ஒரு செஞ்சுரி. கிரிக்கெட் செஞ்சுரிக்கும் மூலம் லத்தீன்தான். இவர்களுக்கு 80 அடித்தாலே செஞ்சுரி!

ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், அதாவது 480 பேர். பத்து கோஹார்ட் ஒரு லேகியோன். முதல் கோஹார்ட்டில் மட்டும் பிற்பாடு ஐந்தே செஞ்சுரி வைத்தார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் இரட்டிப்பு ஆட்கள். மொத்தம் 5,000 பேருக்குச் சற்று மேல்.

லேகியோனின் தலைவர் லெகேட், செனட்டர் வகுப்பைச் சேர்ந்தவர். அவருக்குக் கீழே ஆறு டிரிப்யூன்கள். அதில் மூத்த பதவி, செனட்டர் வீட்டு இளைஞன் ஒருவனுக்கு. இவர்கள் எல்லாம் சில வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். முகாமை உண்மையில் கட்டி மேய்த்தது, படையிலேயே தலை நரைத்த நூற்றுக்கு அதிபதிகள்தான் என்பேன். ஒவ்வொரு அதிபதிக்கும் உதவியாள் ஆப்டியோ. நீளக் கம்போடு அணிக்குப் பின்னால் நிற்பார், ஓடப் பார்ப்பவனை முன்னே தள்ள. கொடி பிடிப்பவரிடம்தான் வீரர்களின் சேமிப்புப் பணமும் இருக்கும்.

சரி, கையில்? திராட்சைக் கொடியில் செய்த ஒரு பிரம்பு. அது வெறும் அடையாளம் இல்லை, அடிக்கிற பிரம்பேதான். கி.பி. 14இல் டான்யூப் நதியோர மாகாணமான பன்னோனியாவில் படை கலகம் செய்தபோது வீரர்கள் லூசிலியஸ் என்ற அதிபதியைக் கொன்றார்கள். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் ‘இன்னொண்ணு கொண்டா’. ஒருவன் முதுகில் பிரம்பு முறிந்ததும் அடுத்ததைக் கேட்டுக் கத்துவாராம். அப்புறம், தலைக்கவசத்துக் குஞ்சம் காதிலிருந்து காதுக்குக் குறுக்கே இருக்கட்டும். வாள் இடப்பக்கம்; சாதாரண வீரனுக்குத்தான் வலப்பக்கம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அன்றைய யூதேயாவில் லேகியோன் எதுவும் நிலைகொண்டிருக்கவில்லை. அவை வடக்கே சிரியாவில் இருந்தன. யூதேயாவின் ஆளுநர் பிலாத்துவிடம் இருந்தவை துணைப்படைகள், அவற்றிலும் செஞ்சுரி உண்டு. ஆகவே உங்கள் அதிபதிக்கு மேலே லெகேட் வேண்டாம். அவருடைய கோஹார்ட்டின் தளபதி, அவருக்கு மேலே பிலாத்து, அவ்வளவுதான். தங்கக் கழுகுச் சின்னம் லேகியோனுக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே செய்து வைத்திருந்தால் மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.