இரவல் கொடுத்த புண்ணியவான்கள்

கேள்வி: அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகளி'லும் உ.வே.சா. 'என் சரித்திர'த்திலும் தாங்கள் வாசிப்புக்குள் வந்த கதையைச் சொல்கிறார்கள். இருவருக்கும் இரவல் புத்தகம்தான் கைகொடுத்தது. யார் சொல்வது உங்களுக்குப் பிடிக்கும்? (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: இரவல் என்ற பேச்சை ஏன் ஐயா எடுத்தீர்கள்? ஐந்து பாகச் சோழர் கால நாவலில் மூன்றாம் பாகத்தை மட்டும் பாம்பன்காரர் ஒருவர் என்னிடம் வாங்கிப் போனார். கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு திரும்பி வந்தது. கருவாட்டுக் கூடைக்கு மேல் பலகையில் வைத்திருந்தாராம். உப்புக்காற்றில் தைத்திருந்த கம்பி துருப்பிடித்து, அட்டை உப்பி, வாசனை வேறு. இன்றைக்கும் அலமாரியைத் திறந்தால் எங்கள் வீட்டுப் பூனை நேரே மூன்றாம் பாகத்தின் முன்னால் போய் உட்காருகிறது. மற்ற நாலு பாகத்தை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சோழர் வரலாற்றில் அதற்கு இருக்கும் ஈடுபாடு வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

சரி, கலாம். ராமேஸ்வரத்தில் புத்தகம் அரிது என்றும், எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்ற பழைய தேசியவாதியின் வீட்டில் வாங்கிப் படித்ததாகவும் சில வரிகளில் முடித்துவிடுகிறார். எனக்குப் பிடித்தது பேப்பர் கட்டு. யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலில் இருந்து கட்டை வீசுவார்கள். பேப்பர் விநியோகம் செய்த உறவினர் சம்சுதீனுக்காகப் பையன் அதைப் பிடிப்பான். முதல் சம்பாத்தியமும் அதில்தான். அந்தத் தனுஷ்கோடித் தண்டவாளம் 1964 புயலோடு போயிற்று. இப்போது வேனில் போய் செல்ஃபி எடுக்கிறவர்கள், இங்கே ரயில் ஓடியதா என்று கேட்கிறார்கள்.

உ.வே.சாமிநாத ஐயருக்குப் புத்தகப் பஞ்சமே இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880இல் அங்கே முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரிடம், படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. இதனால் என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம்? மணிமேகலை? ஐயர் ஒன்றையும் பார்த்ததில்லை. பிறகு சிந்தாமணிப் பிரதியை முதலியாரே கொடுத்தார். 1887இல் ஐயர் அதை அச்சிட்டார்.

என் ஓட்டு ஐயருக்கு. தான் அசடு வழிந்த கதையை எண்பது தாண்டிய வயதில் வாரப் பத்திரிகையில் எழுதினாரே! நம் மேடை எழுத்தாளர்களோ ஐந்து வயதில் கம்பனை முடித்தவர்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

கலாமுக்குப் பேய்க்கரும்பில் மணிமண்டபம் இருக்கிறது. மாணிக்கம், முதலியார் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? 1948இல் சட்டம் போட்டு, நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி, அரசாங்கமே இரவல் கொடுக்க ஆரம்பித்தது. அங்கே என்னைப் போல வாய் வலிக்கக் கேட்க வேண்டாம், அபராதம் போட்டுவிடுவார்கள். உங்களிடம் நூலக கார்டு உண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.