தமிழ் வகுப்புக்குப் போகும் பயிற்சி ஆசிரியர்களுக்கு: கேள்வி பதில்

மும்பையில் பி.எட். படித்துக்கொண்டே தாராவிப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

சயான் மாணவி: அக்கா, தினமும் நடத்திய பாடத்தைத் திரும்பிப் பார்த்துச் சிந்தனைக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். "பாடம் நன்றாக நடந்தது" என்பதைத் தாண்டி என்ன எழுதுவது?

அந்த வரியை எந்த வகுப்புக்கும் எழுதிவிடலாம். அதனால்தான் அதில் பயன் இல்லை. உங்களைப் பற்றி எழுதாமல் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். இப்படி: "மூன்றாவது பெஞ்சுப் பையன் 'மழை'யை 'மலை' என்று வாசித்தான். திருத்தினேன், சரியாகச் சொன்னான். அடுத்த வரியில் மறுபடியும் 'மலை' என்றான்."

இவ்வளவு போதும். அவன் உங்கள் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொன்னானா, இல்லை வேறுபாடு காதில் விழுந்ததா? இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் நாளைய வேலையும் தெரிந்துவிடும். சொல்ல வைக்கும் முன் கேட்க வையுங்கள். நீங்கள் மாற்றி மாற்றிச் சொல்ல, 'மழை'க்கு மட்டும் கை தூக்கட்டும். பலித்ததா என்று மறுநாள் எழுதுங்கள்.

செயலின் நடுவே சிந்திப்பது, செயலுக்குப் பின் சிந்திப்பது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷான் 1983-ல் பிரித்துக் காட்டினார். புதிதாகப் போகிறவர்களுக்கு முதலாவது உடனே கைவராது. இரண்டாவதை இன்றைக்கே தொடங்கலாம்.

செம்பூர் மாணவர்: சக மாணவர்கள் முன்னால் ஆறு நிமிடம் பாடம் நடத்துவது நாடகம் போல இருக்கிறது. தேவையா?

தேவை தம்பி, முழுச் சுற்றையும் செய்தால். நம் நாட்டில் இந்த நுண்ணிலைக் கற்பித்தலுக்கு (மைக்ரோ டீச்சிங்) வழக்கமான கணக்கு 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, திருத்தித் திட்டமிடல் 12, மறுகற்பித்தல் 6, மறுபடி பின்னூட்டம் 6. பெரிய பங்கு திருத்தித் திட்டமிடுவதற்குத்தான். பின்னூட்டத்தோடு கலைந்துவிட்டால் நாடகம்தான் மிஞ்சும்.

மாட்டுங்கா மாணவி: வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்தாலே நடுக்கம்.

முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்துவிடுங்கள்: "நான் கேள்வி கேட்டதும் எத்தனை நொடி காத்திருக்கிறேன் என்று மட்டும் குறித்துக்கொடுங்கள், மேடம்." பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்பதும், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்பதும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வில் தெரிந்தவை.

தாராவி மாணவர்: பிள்ளைகள் இந்தியில் பதில் சொன்னால் தடுக்கலாமா?

வேண்டாம். பதிலை ஏற்றுக்கொண்டு, அதையே தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அப்புறம், எந்தச் சொல் வரும்போது இந்திக்குத் தாவுகிறார்கள் என்று குறித்து வையுங்கள். அடுத்த வாரப் பாடக்குறிப்பில் அந்தச் சொற்கள் இடம்பெறட்டும்.