பேய்ப் படம் பார்க்கப் பயமா? கேளுங்கள்

கொழும்பில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் 14 வருடமாக வேலை செய்கிறேன். வானொலி நாடகம், விளம்பரம், எப்போதாவது ஒரு குறும்படம். 25 வயது வரை பேய்ப் பட போஸ்டரைக் கண்டாலே வீதியின் மற்றப் பக்கம் மாறிப் போனவன். வைத்தியர் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் ஐந்து பேர் இருக்கிறோம். சனிக்கிழமை இரவென்றால் பேய்ப் படம்தான். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன், ஆனாலும் உடம்பு நடுங்குகிறது.

கண்ணை மூடினால் காது திறந்திருக்குமே, தங்கச்சி! திரையில் இல்லாததையும் சேர்த்து மூளை தானே ஒரு படம் கீறும். அது டைரக்டர் எடுத்ததைவிட மோசமாக இருக்கும். மாற்றிச் செய்து பாருங்கள்: காதைப் பொத்துங்கள், கண்ணைத் திறவுங்கள்.

1960இல் வந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் டைரக்டர் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கிறீச்சிடும் வயலின்களைப் போட்டுக் காட்டிய பிறகுதான் மனம் மாறினார். அதில் வடியும் இரத்தம் சாக்லேட் பாகு. குத்துகிற சத்தம், முலாம்பழத்தில் கத்தி இறங்குவது. நானும் ஒரு நாடகத்துக்கு எலும்பு முறியும் சத்தத்தை எங்கள் குசினி மேசையில் கரட் முறித்துத்தான் எடுத்தேன். மிஞ்சிய கரட்டை அம்மா சம்பல் போட்டா.

பகலில், சத்தமே இல்லாமல், ஒரே ஒரு காட்சியைப் பாருங்கள். அது சப்பென்று ஆகும்வரை திரும்பத் திரும்ப. அப்புறம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். பயம் ஏறி நிற்கும்போது மட்டும் எழும்பி ஓடாதீர்கள். ஓடினால் 'ஓடினபடியால்தான் தப்பினேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்ளும். கொஞ்சம் இறங்கவிட்டு நிறுத்துங்கள். படிப்படியாகப் பழக்கும் இந்த வழியை ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் 1950களிலேயே எழுதிவிட்டார்.

எனக்குக் கதை பயமில்லை. திடீரென்று தூக்கிப்போடுவதுதான் பயம்.

அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் அனிச்சை. எனக்கும் போகவில்லை. 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள், பின்னால் ஏதோ வருகிறது. 'உஸ்ஸ்' என்று பாய்ந்து வந்து நிற்பதோ ஒரு பஸ். காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ் பக்கத்தில் வந்து பிரேக் அடித்ததும் துள்ளியிருக்கிறீர்களா? அதே வேலைதான். பின்னணிச் சத்தம் எல்லாம் ஓய்ந்து, முகத்துக்குப் பக்கத்தில் வெற்றிடம் விட்டுக் கமரா நிற்கிறதென்றால் வரப்போகிறது என்று அர்த்தம். நான் அந்த நேரம் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவேன். பாதி நாள் சரியாக இருக்கும்.

படம் முடிந்த பிறகு இரவில் டொய்லட் போக முடியவில்லை. (கொட்டாஞ்சேனையில் இருந்து, 27 வயது, சிரிக்க வேண்டாம்)

சிரிக்கவில்லை, தம்பி. முடிந்த கையோடு லைட்டை அணைத்துப் படுக்காதீர்கள். படம் எடுத்த விதத்தைத் தேடி வாசியுங்கள். 'எக்ஸோர்சிஸ்ட்' படத்தில் பேய் பிடித்த சிறுமியின் அறையில் எல்லோர் வாயிலும் புகை வருகிறதே, செட்டையே குளிரூட்டி வைத்து எடுத்தது. பேயை விட நடிகர்கள் பாவம். பிறகு டொய்லட்டுக்குப் போங்கள், ஆனால் ஓடிப் போய் ஓடி வராமல், நடந்து.

தெகிவளையில் இருந்து ஒரு அம்மா. 8 வயது மகன் மச்சானுடைய போனில் ஏதோ டிரெய்லர் பார்த்துவிட்டு இப்போது தனியே படுக்கமாட்டான் என்கிறான். முழுப் படத்தையும் காட்டினால் பயம் தெளியுமா?

வேண்டவே வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் பெரியவர்கள் தாங்களாக விரும்பிச் செய்வது. 'பயந்தாங்கொள்ளி' என்றும் சொல்லாதீர்கள். கண்டதைக் கீறச் சொல்லி, அதற்கு மீசை வைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் படுத்தால் ஒன்றும் கெட்டுப் போகாது. பல வாரமாகியும் தூக்கம் சரிவராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கட்டிக்கப் போகிறவர் வற்புறுத்துகிறார்.

'எனக்குப் பிடிக்காது' என்று சொல்லுங்கள். பேய்ப் படம் பார்க்காமலே நல்லாக வாழலாம்.

படம் பார்க்காத நாளிலும், பஸ்ஸில் போகும்போதுகூட நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது.

அப்படியென்றால் விஷயம் படம் இல்லை. முதலில் வைத்தியரிடம் இருதயத்தைப் பரிசோதியுங்கள். கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

உங்களுக்கு இப்போது பயமே இல்லையா?

இரவு 11 மணிக்கு வேலை முடிந்தால் எங்கள் கட்டடத்து லிப்டில் நான் ஏறுவதில்லை. நாலு மாடியும் படிதான்.