குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்கு நீதிபதிக்கே ஒத்திகையா?

சட்டம் படித்த நீதிபதிக்குப் பயிற்சியாகக் கணினியில் மாதிரி விசாரணை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் தெரியாமல் இல்லை, யோசிக்க நேரம் கிடைக்காது; அதுதான் சிக்கல். அமெரிக்க உதாரணம் சொல்கிறேன்.

திரையில் போலீஸ்காரர் சாட்சி சொல்கிறார்: "கோட்டின் மேல் ஒன்பது காலடி நடக்கச் சொன்னேன், தடுமாறினார். அதனால் ரத்தத்தில் 0.08 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தது." எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கிறார். ஏற்பதா, தள்ளுவதா? நீதிபதி சட்டென்று பட்டனை அழுத்த வேண்டும். தடுமாறியதைச் சொல்லலாம், நடையை வைத்து ஆல்கஹால் அளவைச் சொல்லப் பல மாநில நீதிமன்றங்கள் விடுவதில்லை. பாதி சரி, பாதி தப்பு என்று வரும் இந்த மாதிரி சாட்சியத்தில்தான் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. கைதானவரை ஊதவைக்க வாரண்ட் வேண்டாம், ரத்தம் எடுக்கப் பொதுவாக வேண்டும் என்று 2016-இல் பிர்ச்ஃபீல்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசர நிலை, சம்மதம் என்று விதிவிலக்குகளும் உண்டு. காட்சியைக் கொஞ்சம் மாற்றினாலே விடையும் மாறிவிடும்.

நிஜக் கோர்ட்டில் தப்பாகச் சொன்னால் மேல்முறையீட்டில் தீர்ப்பே கவிழலாம். இங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். என்ன, வழக்குக்கட்டுகள் குவிந்துகிடக்கும் திங்கட்கிழமைக் காலையின் எரிச்சலை மட்டும் எந்தத் திரையும் காட்டாது.