சந்தாப் பணமும் நாகஸ்வரமும்

வணக்கம் சார்,
ஸ்பாட்டிஃபையில் மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். கேட்பது ஒரே ஒரு நாகஸ்வரக் கலைஞரைத்தான், காலையில் அரை மணி நேரம். என் பணம் முழுக்க அவருக்குத்தான் போகிறது என்றேன், தங்கை சிரிக்கிறாள். எது சரி?
எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

தங்கை சிரித்தது நியாயம்தான். உங்களைப் போன்றவர்கள் கட்டும் சந்தா எல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. கம்பெனி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி, எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்ற கணக்கில் பிரியும். அதுவும் நேரே கலைஞர் கைக்குப் போகாது. உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போய், அங்கே கழித்தது போக வரும்.

எண்ணுகிற விதம்தான் வேடிக்கை. ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு கணக்கு. உங்கள் ஆள் 25 நிமிடம் தோடி ராகத்தை விஸ்தாரமாக வாசித்தாலும் அதே ஒன்றுதான். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் மூன்று நிமிடப் பாட்டாக எட்டுக் கேட்டுவிடுவான். ஆக, உங்கள் பணம் எங்கே போக வேண்டும் என்பதை அவன்தான் அதிகம் தீர்மானிக்கிறான். 2024 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பதிவுக்குக் காசே கிடையாது. அவரவர் சந்தாவை அவரவர் கேட்டவர்களுக்கே பிரிக்கலாமே என்றால், முடியும். சவுண்ட்கிளவுட் என்ற இன்னொரு பாட்டுத் தளம் 2021இல் சுயாதீனக் கலைஞர்களுக்கு அதைத் தொடங்கியது.

யூடியூபில் கதை தலைகீழ். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுநடுவே விளம்பரம் வைக்கலாம். அந்த வருமானத்தில் 55 சதவீதம் சேனல்காரருக்கு. அங்கே நீளமான தோடிக்கு மதிப்பு உண்டு, கீர்த்தனைக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும் என்பதைப் பொறுத்துக்கொண்டால். ஆனால் 1,000 சப்ஸ்கிரைபர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகுதான் அந்தப் பங்கு.

அந்தக் காலம் மட்டும் யோக்கியமா என்ன? பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓடும் டி-60 கேசட்டில் பதிந்து வாங்கினோம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோனதற்குக் கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பாடியவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உங்கள் நாகஸ்வரக் கலைஞருக்கு யூடியூபில் சொந்தச் சேனல் இருந்தால், காலைக் கச்சேரியை அங்கே மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த உற்சவத்தில் வாசிக்கும்போது போய், கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சரி, அவர் யார் என்று எழுதவேயில்லையே?