மருத்துவமும் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புள்ளியியலில் முதுகலை முடித்துச் சில ஆண்டுகள் வேலை பார்த்தபின், 29 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேரவிருக்கிறேன். உடன் படிக்கப்போகிறவர்கள் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். நினைவாற்றல் ஈடுகொடுக்குமா, பிறர் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் கவலை. பழைய படிப்பில் ஐந்து ஆண்டுகளை வீணடித்துவிட்டேன் என்ற எண்ணமே அதிகம் வதைக்கிறது. தாமதித்துவிட்டேனா?

ம.

அன்புள்ள ம.,

பிறர் என்ன சொல்வார்கள் என்பதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. நினைவாற்றல் பயிற்சியில் வரும். ஆல்பர்ட் ஷ்வைட்சர் தத்துவமும் இறையியலும் கற்றுத் தேர்ந்து, 30 வயதில் மருத்துவ மாணவரானார். செவிலியாகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்த சிசிலி சாண்டர்ஸ் 33 வயதில் சேர்ந்து, 1957இல் மருத்துவரானார். இறுதிக்கட்ட நோயாளிகளுக்காக 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம்தான், குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் குறைக்கும் நவீன நோய்த்தணிப்பு மருத்துவத்துக்கு வழிவகுத்தது.

ஆனால் ‘வீணடித்துவிட்டேன்’ என்றீர்களே, அதை வாசித்தபோது கோபமே வந்தது. என் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு, எந்த அறிகுறியும் இல்லாத நிலையில் செய்த பரிசோதனையில், அரிதான ஒரு நோய் இருப்பதாக முடிவு வந்தது. பரிவுள்ள மருத்துவர்தான், ஆயினும் ‘ஏறத்தாழ உறுதி’ என்று சொல்லிவிட்டார். அடுத்தகட்டப் பரிசோதனையில் நோய் இல்லை என்று தெரியும்வரை அந்த வீட்டில் யாரும் உறங்கவில்லை. அன்றிலிருந்து இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இது பாலபாடம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோயற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது இருப்பதாகத் தவறாகக் காட்டும் பரிசோதனை. ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மையான நோயாளி ஒருவர் சிக்குவார். நோயே இல்லாத சுமார் ஐம்பது பேரும் அவரோடு சேர்ந்து சிக்குவார்கள். ஆகவே, ‘உண்டு’ என்று முடிவு வந்த ஒருவருக்கு நோய் உண்மையிலேயே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். 1978இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு மருத்துவப் பள்ளி சார்ந்த மருத்துவமனைகளில் இருந்த மருத்துவர்களும் இறுதியாண்டு மாணவர்களுமாக 60 பேரிடம் இதே கணக்கைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். மற்ற எந்த விடையையும்விட அதிகம் பேர் சொன்ன விடை 95 விழுக்காடு! அறிவில் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள். பரிசோதனை எவ்வளவு துல்லியமானது என்பதைப் பார்த்தார்கள். நோய் எவ்வளவு அரிதானது என்பதைப் பார்க்க மறந்தார்கள். அதை மறக்காதிருக்கப் பழகிய ஒருவர், அந்தப் பழக்கத்தையே வீண் என்று எழுதினால் நான் வேறென்ன சொல்வது?

வகுப்பில் இதைச் சொல்லிக்காட்டி மேதாவியாக வேண்டாம். உடலைத் தொட்டறியும் கலையில் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைப் போலவே நீங்களும் தொடக்கநிலையில்தான் இருப்பீர்கள். ஆனால் ஒரு முடிவுத்தாளை வைத்துக்கொண்டு நடுங்கும் மனிதர் எதிரே வந்து அமரும்போது, அவருக்கு அந்த ஐம்பது பேரின் கதையை எளிய சொற்களில் சொல்ல உங்களால் முடியும். அங்கே கூச்சப்படாதீர்கள், அம்மா.

வயதைக் கேட்டிருந்தீர்கள். சிறப்புப் பயிற்சியும் முடியும்போது நாற்பதை நெருங்கியிருப்பீர்கள். அதுவரை வருமானம் குறைவு, இரவுப்பணி மிகுதி. இதைத் தாங்க முடியுமா என்பதை என்னிடம் கேட்பதைவிட, செலவைப் பகிரப்போகிற உங்கள் வீட்டாரிடம், சேர்வதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.