ஒரு வருஷ மாஸ்டர்ஸா, ஒன்றரை வருஷமா?

கேள்வி: பிஇ சிஎஸ்இ முடிச்சிட்டு சென்னையில ஐடி வேலை பாக்குறேன். 2026 செப்டம்பருக்கு யூகேல 12 மாச எம்எஸ்சி டேட்டா சயின்ஸ் ஆஃபர் வந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல 2 வருஷ கோர்ஸ், ஆனா பிஇ பாடங்களுக்கு கிரெடிட் குடுத்து ஒன்றரை வருஷமா குறைச்சுத் தர்றாங்களாம். ரெண்டுமே லோன்லதான். வொய்ஃபையும் கூட்டிட்டுப் போகணும். யூகேன்னா சீக்கிரம் முடியும், அப்புறம் ரெண்டு வருஷம் இருந்து வேலை தேடலாம்னு கன்சல்டன்சில சொல்றாங்க. எதை எடுக்கலாம்?

பதில்: கன்சல்டன்சி சொல்ற அந்த ரெண்டு வருஷம் உங்களுக்குக் கிடைக்காதுங்க. படிச்சு முடிச்சப்புறம் யூகேலயே இருந்து வேலை தேடத் தர்ற கிராஜுவேட் விசாவுக்கு 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான், நீங்க படிச்சு முடிக்கிறதே 2027 செப்டம்பர். அதுக்குள்ள ஸ்பான்சர் பண்ற கம்பெனியைப் புடிக்கணும், அப்பதான் தொடர்ந்து அங்க வேலை பாக்க ஸ்கில்டு வொர்க்கர் விசா கிடைக்கும், அதுக்கு பொதுவா வருஷ சம்பளம் 41,700 பவுண்ட் வேணும், நியூ என்ட்ரன்ட் (புதுசா வேலைக்கு வர்றவங்க) கணக்குல போனா 33,400, அந்த வேலைக்குன்னு வச்சிருக்கற ரேட் இதைவிட அதிகமா இருந்தா அதுதான் கணக்கு. பெரிய கம்பெனிங்க படிப்பு முடிக்கிறவங்களை வேலைக்கு எடுக்கற அடுத்த வருஷ கிராஜுவேட் ஸ்கீமுக்கு செப்டம்பர் அக்டோபர்லயே அப்ளிகேஷன் வாங்குவாங்க, அதாவது நீங்க போய் இறங்கி ரூம் தேடி அலையுற அதே வாரத்துல சிவியும் போயிருக்கணும், ஒரு வருஷ கோர்ஸ்ல நிஜமான கஷ்டம் இதுதான், பாடம் இல்ல.

வொய்ஃப் விஷயம் இன்னும் சிம்பிள். 2024 ஜனவரில இருந்து யூகேல இந்த மாதிரி எம்எஸ்சிக்கு டிபென்டன்ட் விசா கிடையாது, ரிசர்ச் மாஸ்டர்ஸ், பிஎச்டின்னாதான்.

செலவுல யூகே பரவால்ல, ரெண்டு வருஷ கோர்ஸோட பாத்தா ஒரு வருஷ வாடகையும் ஒரு வருஷ சம்பள இழப்பும் மிச்சம். ஆனா விசா அப்ளை பண்றப்பவே அங்க அரசு மருத்துவத்துக்கான ஹெல்த் சர்சார்ஜ் 1,164 பவுண்ட் கட்டணும். வருஷத்துக்கு 776தான், விசா 16 மாசத்துக்கு மேல வர்றதால ஒன்றரை வருஷமா போட்டுடுவாங்க. அங்க தங்கற செலவுக்கு கையில பணம் இருக்குன்னும் விசாவுக்குக் காட்டணும், லண்டனுக்கு வெளியன்னா 10,539 பவுண்ட், லண்டன்னா 13,761, ஃபீஸ் பாக்கி தனி, அக்கவுண்ட்ல இருக்கற பணமா காட்டினா 28 நாள் அசையாம இருக்கணும். கோர்ஸ் சீக்கிரம் முடிஞ்சா இஎம்ஐயும் சீக்கிரம் ஆரம்பிக்கும், அதையும் யோசிங்க.

இப்ப ஆஸ்திரேலியா. அந்த கிரெடிட்டை கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க. படிச்சப்புறம் வேலை பாக்குற 485 விசாவுக்கு ரெண்டு அகாடமிக் வருஷம், அதாவது 92 வார படிப்பு வேணும், கிரெடிட்ல கழிச்ச பாடம் அதுல சேராது. அரை வருஷ ஃபீஸ் மிச்சம்னு பாத்தா 485க்கே தகுதி போயிடும். கிரெடிட் வேணாம், முழு ரெண்டு வருஷமே படிக்கிறேன்னு காலேஜுக்கு மெயில் போட்டு, சிஓஇல (காலேஜ் அட்மிஷனை உறுதி பண்ணிக் குடுக்கற பேப்பர்) வர்ற தேதியையும் செக் பண்ணிக்குங்க. வொய்ஃபும் டிபென்டன்டா வரலாம், அவங்க வேலைக்கும் போலாம்.



வொய்ஃப் கூட வரணும், அங்கயே கொஞ்ச வருஷம் வேலை பாக்கணும்னா நான் ஆஸ்திரேலியா முழு கோர்ஸைத்தான் சொல்லுவேன். இல்ல, டிகிரி வாங்கிட்டு சென்னைக்கே திரும்பறதுதான் பிளான்னா யூகே போதும்.